தைப்பனிக்கு மேலே போர்த்துவதா, கீழே விரிப்பதா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 52 வயது. காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தைப்பூசத்துக்கு முதல்முறையாக மாலை போட்டுப் பழனிக்கு நடக்கப் போகிறேன். மனைவியும் வருகிறார். குழுவில் 22 பேர், பத்து நாள் நடை. சமையல் சாமானோடு ஒரு குட்டியானை வண்டி கூட வரும். ஆனால் தங்கும் இடத்துக்கு அது வந்து சேர ராத்திரி நேரமாகிவிடும் என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் என்று ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கி அனுப்பியிருக்கிறான். கடைத் தராசில் வைத்தேன், 1 கிலோ 850 கிராம். காற்றடிக்கும் மெத்தையும் அனுப்பவா என்று கேட்கிறான். குருசாமியோ, "விரதத்துல மெத்தை என்னப்பா, துண்டை விரிச்சுப் படு" என்கிறார். எனக்கு நான்கு வருடமாக இடுப்பு வலி, சர்க்கரையும் உண்டு. எதை எடுத்துப் போவது, எதை விடுவது?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்:

அண்ணா, வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 1 கிலோ 850 கிராம்தான். தருமபுரியில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் வருடா வருடம் மார்கழிக் கடைசியில் பாதயாத்திரைக்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள். என்ன வாங்கலாம் என்று கேட்பார்கள், எவ்வளவு விலை என்று கேட்பார்கள். எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். தராசு கையில் இருப்பவர் புத்தி தனி.

முதலில் மகன் அனுப்பிய பை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பையில் குறை ஒன்றும் இருக்காது. நீங்கள் போகிற வழிக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரி, தொப்பூர், ஓமலூர், சேலம், சங்ககிரி, ஈரோடு, காங்கயம், தாராபுரம் என்று போனால் பழனி 270 கிலோமீட்டருக்கு மேல். இதில் குளிர் என்று சொல்லத்தக்கது முதல் மூன்று ராத்திரிதான். நம்ம மாவட்டத்தில் தை மாத விடியற்காலை 15, 16 டிகிரிக்கு இறங்கினால் அதுவே பெரிய குளிர். தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் தாண்டிவிட்டால் அதுவும் குறைந்துவிடும். மைனஸ் 5 பைக்குள் நீங்கள் புகுந்தால் அரை மணி நேரத்தில் வேர்த்து, ஜிப்பைத் திறந்து, வேர்த்த உடம்பில் பனிக்காற்று பட்டு, விடிவதற்குள் மூக்கடைப்போடு எழுந்திருப்பீர்கள்.

அந்தப் பைகளில் போடுகிற டிகிரிக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மகனுக்குப் பயன்படும். முறையாகச் சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். ஒன்று, நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். அடுத்தது, உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய குளிர். மூன்றாவது, உயிர் தப்பலாம் என்கிற அளவு. அதில் தூக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது. மலிவான பைகளில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும், பெரிதாக. அது எந்த எண் என்று விற்கிறவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. மகன் நண்பர்களோடு மலையேறப் போகிறவன் என்றால் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். யாத்திரைக்குப் போகிறவர்கள் தைப்பனி என்றதும் போர்வையைத்தான் யோசிக்கிறார்கள். என் கணக்கில், நீங்கள் செலவழிக்கிற காசும் தூக்குகிற எடையும் முக்கால்வாசி கீழே விரிப்பதற்குப் போக வேண்டும். மேலே போர்த்துவதற்குக் கால்வாசி போதும்.

ஏன் என்றால், விடியற்காலையில் வீட்டில் வெறும் சிமெண்டுத் தரையில் ஒரு காலும் பாய் மேல் ஒரு காலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அறையில் கிடக்கிறவை, ஒரே அளவு குளிர்ந்தவை. ஆனாலும் சிமெண்டு சில்லென்று இருக்கும், பாய் அப்படி இருக்காது. சிமெண்டு உங்கள் காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. பாயில் அடைபட்ட காற்று அதை இழுக்க விடுவதில்லை. நீங்கள் தங்கப் போவது எங்கே? கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க் ஓரம். எல்லாம் சிமெண்டு, டைல்ஸ், கருங்கல். கல் மண்டபம் சாயங்காலம் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பகல் வெயிலில் வாங்கிய சூடு அது. மூன்று மணிக்கு அதுவே ஐஸ் கட்டி. போர்வை எத்தனை போர்த்தினாலும் முதுகுப் பக்கம் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். சூடு இறங்க இறங்க இடுப்புத் தசை இறுகும். காலையில் எழுந்து பத்து அடி நடக்க முடியாமல் சுவரைப் பிடிக்கிறவர்கள் பாதிப் பேருக்கு முந்தின நாள் நடை காரணம் இல்லை. முந்தின ராத்திரித் தரைதான்.

பஞ்சு வைத்த அந்த ஸ்லீப்பிங் பேக்கையே கீழே விரித்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் எடை அழுத்தியதும் அந்தப் பஞ்சு அப்பளமாகிவிடும். உள்ளே காற்று இல்லாவிட்டால் சூடும் நிற்காது. அதனால்தான் மலையேறுகிறவர்கள் எவ்வளவு விலைகொடுத்துப் பை வாங்கினாலும் அடியில் அமுங்காத ஒரு ஃபோம் விரிப்பைத் தனியாகச் சுமக்கிறார்கள்.

உங்களுக்கும் அதுதான் வேண்டும், ஆனால் அதற்குப் பெங்களூர் போக வேண்டாம். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சோபா, கார் சீட்டு தைக்கிற குஷன் கடைக்குப் போங்கள். டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வைத்து வருமே வெள்ளை ஃபோம் ஷீட், அதையே ரோலாக வைத்திருப்பார்கள். 10 மில்லிமீட்டர் தடிமனில் ஆறடி நீளம், இரண்டடி அகலம் வெட்டித் தரச் சொல்லுங்கள். தராசில் வையுங்கள்: கால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தண்ணீர் குடிக்காது, உதறினால் காய்ந்துவிடும், முள் குத்தினாலும் கவலையில்லை. சுருட்டினால் தடிமனாகத் தெரியும். பையின் வெளியே கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிவிட்டால் விடியற்காலை இருட்டில் நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீங்கள் தெரிவீர்கள். தொப்பூர் இறக்கத்தில் விபத்து நடக்காத மாதமே கிடையாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த ஃபோம் தீப்பிடித்தால் உருகி எரியும். கொசுவத்தி, சூடத்தட்டு, அடுப்பு பக்கத்தில் விரிக்கக் கூடாது.

உங்களுக்கு இடுப்பு வலி இருப்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். மல்லாந்து படுக்கிறவருக்கு 10 மில்லிமீட்டர் போதும். ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு இடுப்பு எலும்பு தரையைத் தொடும். அதே ஷீட்டில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு துண்டு சேர்த்து வெட்டி வாங்கி, இடுப்பு வரும் இடத்தில் இரட்டையாகப் போடுங்கள். பகலில் உட்காரவும் அது உதவும். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு வேட்டியைச் சுருட்டி வையுங்கள், ஒருக்களித்தால் அதையே முழங்கால்களுக்கு நடுவில். 27 கிலோமீட்டர் நடந்த இடுப்பு அந்த ஒரு சுருட்டு வேட்டிக்கு எவ்வளவு நன்றி சொல்லும் என்பதை முதல் நாள் ராத்திரியே பார்ப்பீர்கள். படுப்பதற்கு முன் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் இருங்கள். வீக்கம் வடியும்.

காற்றடிக்கும் மெத்தை வேண்டாம். எடை குறைவு, சொகுசு, எல்லாம் சரி. என் முதல் யாத்திரையில் நானும் அதைத்தான் கொண்டு போனேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் முதல் ராத்திரி. சீமைக்கருவேல முள் ஒன்று எங்கேயிருந்தோ வந்தது. நடுராத்திரி கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன். ஒட்டுப் போடும் பசை தருமபுரியில் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. மிச்ச ராத்திரிகளை மற்றவர்களிடம் இரவல் வாங்கிய அட்டைப்பெட்டியில் கழித்தேன். சொல்லப்போனால் அப்போதுதான் அட்டைப்பெட்டியின் மகிமையே எனக்குத் தெரிந்தது. இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாகக் காற்று அடைபட்டிருக்கிறது பாருங்கள், அது நல்ல தடுப்பு. உங்கள் கடையில் பிஸ்கட் பெட்டிக்குப் பஞ்சமா? பத்துப் பதினைந்து அட்டைகளைப் பிரித்துக் கட்டி வண்டியில் போட்டு வையுங்கள். குழுவில் யாராவது துண்டை மட்டும் விரித்துவிட்டு ராத்திரி நடுங்கிக்கொண்டு வருவார்கள், கொடுக்கலாம்.

மேலே போர்த்த என்ன? முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். உங்கள் குழுவும் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒதுங்கி, சாயங்காலம் மறுபடி நடக்கிற குழுவாகத்தான் இருக்கும். அப்படியானால் தூக்கம் இரண்டு தவணை. பாதித் தூக்கம் பகலில், 30 டிகிரியில், மரத்தடியில். இரண்டுக்கும் ஒத்து வருவது எட்டு முழ வேட்டி. மடிப்பு கால் பக்கம் வருகிற மாதிரி அதை நீளத்தில் பாதியாக மடித்து, பக்கங்கள் இரண்டையும் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துவிட்டால் உள்ளே நுழைந்து படுக்கிற உறை ஆகிவிடும். பகலுக்கு அது மட்டும் போதும், ஈயும் அண்டாது. ராத்திரிக்கு அதன் மேல் ஒரு போர்வை. சாதாரணப் பருத்திப் போர்வை ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். போதவில்லை என்றால் ஈரோடு தாண்டிச் சென்னிமலை வழியாகப் போகும்போது முருகனையும் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு கைத்தறிப் போர்வை வாங்கலாம். ஆனால் அதற்குள் குளிர் விட்டுப்போயிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பவானி ஜமக்காளம் எனக்கு உயிர், என் வீட்டுக் கூடத்தில் இரண்டு இருக்கிறது. யாத்திரைக்கு அது வேண்டாம். கனம், பனியில் நனைந்தால் இரண்டு மடங்கு கனம், காயவும் காயாது. வீட்டில் குறும்பர் நெய்த பழைய ஆட்டுமயிர்க் கம்பளி இருந்தால் அது வேறு கதை. ஈரம் பட்டாலும் சூடு விடாது, பழைய ஆட்கள் அதை ஒன்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு போனது சும்மா இல்லை. எடையைத் தராசில் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

பனியைப் பொறுத்தவரை இடம்தான் மருந்து. தெளிந்த வானத்துக்கு நேர் கீழே கிடக்கிற எதுவும் ராத்திரியில் தன் சூட்டை மேலே விட்டு வேகமாகக் குளிர்ந்துபோகும்; காற்றிலிருக்கிற ஈரம் அதன் மேல் பனித்துளியாக இறங்கும். பூசத்தை ஒட்டி நிலா பளிச்சென்று இருக்கும் ராத்திரிகளில் இது அதிகம். ஒரு கூரை, ஒரு பந்தல், அடர்ந்த ஒரு மரம் தலைக்கு மேலே இருந்தால் போதும், போர்வை நனையாது. பனிக்குப் பயந்து பாலிதீன் ஷீட்டை மேலே போர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் உள்ளே சொட்டச் சொட்ட நனைந்திருப்பார்கள். அது பனி இல்லை, அவர்கள் உடம்பு விட்ட ஆவியே தண்ணீராகி இறங்கியது. பாலிதீனும் தார்ப்பாயும் மண் தரையில் கீழே விரிக்க மட்டும்.

எந்தப் போர்வையையும் விடச் சூடு தருவது காய்ந்த பனியன். நடந்து வேர்த்த துணியோடு படுக்காதீர்கள். படுக்க என்று ஒரு செட் துணி, ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு மங்கி குல்லா. இவற்றைப் பாலிதீன் கவரில் கட்டிப் பையின் அடியில் வையுங்கள், நடக்கும்போது தொடவே வேண்டாம். அண்ணிக்கும் அப்படித்தான். சேலையை விடச் சுடிதாரில் படுப்பது நல்லது. புரண்டு படுத்தாலும் கவலையில்லை, கொசுவுக்கும் மறைப்பு. பெண்கள் எல்லாரும் சுவர் ஓரமாக ஒரே வரிசையில் படுப்பது வழக்கம். அங்கே இடம் நெருக்கடியாக இருக்கும் என்பதால் அவருடைய ஷீட்டை இரண்டடிக்கு மேல் அகலமாக வெட்டாதீர்கள்.

வண்டி தாமதமாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஃபோம் ஷீட், தைத்த வேட்டி, காய்ந்த துணி மூன்றும் உங்கள் முதுகில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ தாண்டாது. போர்வையும் கொசுவலையும் வண்டியில் போகலாம்.

கொசுவலையைக் கடைசியில் சொல்கிறேன் என்று குறைவாக எண்ணிவிடாதீர்கள். கொசுவுக்கு மட்டும் என்றால் கையில் காலில் தடவுகிற களிம்பு போதுமே. நான் வலையை வற்புறுத்துவது கட்டுவிரியனுக்காக. நம்ம பக்கம் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத் தீண்டுகிற பாம்பு அது. பல நேரம் கடித்தது வலிக்காது, வீங்காது, பல் பதிந்த இடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தானாகச் சொருகுவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று ஆரம்பிக்கும். நடந்த அலுப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் போட்டுக் கொடுத்து நேரத்தை விட்டுவிடுவார்கள். குழுவில் யாருக்காவது இப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்கு அடித்து, பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வலையின் ஓரத்தை நான்கு பக்கமும் ஷீட்டுக்கு அடியில் செருகிப் படுத்தால் பாம்பும் தேளும் உள்ளே வர வழியில்லை. மண்டபத்தில் கயிறு கட்ட ஆணி தேடி அலைய வேண்டாம். குடை மாதிரி விரிகிற, அடியிலும் துணி வைத்துத் தைத்த ஒற்றை ஆள் வலை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வைக்கோல் போர், விறகு அடுக்கு, அன்னதானம் போட்டுச் சோறு சிந்திக் கிடக்கிற இடம், இவற்றின் பக்கம் படுக்கை போடாதீர்கள். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ராத்திரி எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். காலையில் செருப்பையும் போர்வையையும் உதறாமல் தொட வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறது என்றீர்கள். பாதத்தில் மதமதப்பு உண்டா என்று எழுதவில்லை. உண்டு என்றால் குளிர் காய மூட்டுகிற நெருப்புப் பக்கம் காலை நீட்டவே கூடாது, வெந்தது தெரியாது. தினமும் படுக்கும் முன் அண்ணியை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை, நடை அளவு பற்றிக் கிளம்புவதற்கு முன் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் பேசிவிடுங்கள், அது என் வேலை இல்லை.

குருசாமி சொன்னதற்கு என்ன பதில் என்று கேட்டால், விரத முறையில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத ஷீட்டை மெத்தை என்று எந்தக் கடைக்காரரும் விற்க மாட்டார். அதைப் பாய் என்று சொல்லி, அவர் முன்னாலேயே விரித்துக் காட்டி, உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். தலையணை கூடாது என்றால் துணி மூட்டை இருக்கிறது. நாற்பது வருடம் துண்டை விரித்துப் படுத்தவர் உடம்பும், பகலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற உங்கள் இடுப்பும் ஒன்று இல்லை என்பதை அவரிடமே மரியாதையாகச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிளம்புவதற்கு முன் மூன்று ராத்திரி உங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையிலும் ஒரு ராத்திரி மொட்டை மாடியிலும் இதே சாமான்களோடு படுத்துப் பாருங்கள். காலையில் எந்த இடம் வலிக்கிறதோ அந்த இடத்துக்கு இன்னொரு துண்டு ஃபோம். மகன் வாங்கிய பைக்குத் திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் இருக்கும். இன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்; பையில் தொங்குகிற விலைச்சீட்டைக் கிழிக்காமல் வையுங்கள்.